ஹீமோகுளோபின் 6, ஆக்சிமீட்டரில் 98%. அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?

செவிலியல்_இரண்டாமாண்டு கேட்டது:

வணக்கம். உடலியங்கியலில் ஒரு சந்தேகம்.

இரும்புச்சத்துக் குறைவால் நாள்பட்ட இரத்தசோகை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 6 கிராம். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினால் 98% காட்டுகிறது. தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 100 மி.மீ. பாதரசம். இரண்டும் நார்மல். ஆனால் கொஞ்சம் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது.

98% நிரம்பியிருக்கிறது என்றால் குறை எங்கே இருக்கிறது? ஆக்சிஜன் மாஸ்க் போட்டு 98ஐ 100 ஆக்கினால் ஏதாவது பயன் உண்டா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது மட்டும் எப்படி உடம்பு சமாளிக்கிறது?

எண்களோடு சொல்லுங்கள். "கூடும், குறையும்" என்று மட்டும் படித்தால் எனக்குப் பிடிபடுவதில்லை.

---

தந்துகி பதில்:

மூன்று அளவுகளைத் தனித்தனியாக வைத்துப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். பகுதி அழுத்தம் என்பது பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தரும் அழுத்தம். சாச்சுரேஷன் என்பது இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீத இடங்களில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது என்பது. மூன்றாவதுதான் திசுக்களுக்கு முக்கியம்: ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் மொத்தம் எத்தனை மி.லி. ஆக்சிஜன் இருக்கிறது என்பது. ஆக்சிமீட்டர் இரண்டாவதை மட்டுமே சொல்கிறது. 50க்கு 49 வாங்கினாலும் 98%, 100க்கு 98 வாங்கினாலும் 98%.

முதல் அளவு எங்கிருந்து வருகிறது? கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. மூச்சுக்குழாயில் நுழைந்ததும் நீராவி அதில் 47ஐ எடுத்துக்கொள்கிறது. மீதி 713இல் 21% ஆக்சிஜன், அதாவது ஏறத்தாழ 150. காற்று நுண்ணறைக்குள் கார்பன் டை ஆக்சைடு 40 மி.மீ. இருக்கிறது. அதை 0.8ஆல் (உடல் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்) வகுத்தால் 50. கழித்தால் 100. அரை மைக்ரோமீட்டர் அளவே தடிமனுள்ள சுவரைத் தாண்டி ஆக்சிஜன் தந்துகிக்குள், அதாவது மயிரிழை போன்ற இரத்தக்குழாய்க்குள், பரவுகிறது. ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியில் இருப்பது சுமார் 0.75 நொடி. அதில் முதல் 0.25 நொடியிலேயே இரு பக்க அழுத்தமும் சமமாகிவிடும். இந்தப் பாதையில் எங்கும் ஹீமோகுளோபினின் அளவு குறுக்கே வரவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் நுரையீரல் நன்றாக இருக்கும் இரத்தசோகை நோயாளிக்குப் பகுதி அழுத்தமும் 100தான், சாச்சுரேஷனும் 98தான்.

இனி கணக்கு. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு, அதில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுதாக நிரம்பினால் 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கும். (சில நூல்களில் 1.39 இருக்கும். அது வேதியியல்படி வரும் உச்ச அளவு. உண்மையான இரத்தத்தில் கொஞ்சம் செயலற்ற ஹீமோகுளோபினும் கலந்திருக்கும்.) பிளாஸ்மாவில் கரைவது ஒவ்வொரு மி.மீ. அழுத்தத்துக்கும் டெசிலிட்டருக்கு 0.003 மி.லி. மட்டுமே.

ஹீமோகுளோபின் 15 உள்ளவருக்கு: 15 × 1.34 × 0.98 = 19.7. கரைந்தது 100 × 0.003 = 0.3. மொத்தம் 20 மி.லி.

உங்கள் நோயாளிக்கு: 6 × 1.34 × 0.98 = 7.9. கரைந்தது அதே 0.3. மொத்தம் 8.2 மி.லி.

அதே 98%, அதே 100 மி.மீ., ஆனால் சரக்கு பாதிக்கும் கீழே. உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர், அதாவது 50 டெசிலிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. நலமானவருக்கு 20 × 50 = 1000 மி.லி. ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. உடல் கேட்பது 250. கால்பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் நலமானவரின் கலப்புச் சிரை இரத்தம் (உடல் முழுவதிலிருந்தும் இதயத்துக்குத் திரும்பிக் கலப்பது) கூட 75% நிரம்பியே திரும்புகிறது. இந்த முக்கால்பங்குதான் கையிருப்பு.

இரத்தசோகையில் 8.2 × 50 = 410. தேவை அதே 250. அறுபது சதவீதத்துக்கு மேல் உருவி எடுக்க வேண்டும், சிரை சாச்சுரேஷன் 40% அளவுக்கு இறங்கிவிடும். உடல் அதுவரை காத்திருப்பதில்லை. இதய வெளியீட்டைக் கூட்டுகிறது. சிவப்பணு குறைந்த இரத்தம் நீர்த்து ஓடுவதால் இதயத்துக்கு அது ஓரளவு சுலபமும்கூட. 8 லிட்டராக ஏற்றினால் 656 மி.லி. கிடைக்கும், சிரை 60%க்குச் சற்று மேலே நிற்கும். உட்கார்ந்திருக்கும்போது வண்டி ஓடுவது இப்படித்தான்.

படியேற வேண்டாம், சற்று வேகமாக நடந்தாலே உடலின் தேவை மூன்று மடங்காகி 750 மி.லி.யைத் தொடும். நலமானவர் 10 லிட்டர் வெளியீட்டில் இதைச் சாதாரணமாகக் கடப்பார். இவருக்கு 15 லிட்டர் ஓடினாலும் 1230தான் வரும், அதில் அறுபது சதவீதம் போய்விடும். படபடப்பு அங்கிருந்துதான்.

---

செவிலியல்_இரண்டாமாண்டு:

அருமை, கையில் போட்டுப் பார்த்தேன், எண்கள் சரியாக வருகின்றன. படபடப்பு புரிகிறது. ஆனால் மூச்சு ஏன் வாங்க வேண்டும்? மூச்சைத் தூண்டுவது கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள், அவை ஆக்சிஜன் குறைவதைப் பார்க்கின்றன என்று படித்தேன். இங்கே பகுதி அழுத்தம் குறையவே இல்லையே?

---

ஐசியூ_இரவுப்பணி பதில்:

சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. நீங்க சொன்ன கழுத்துத் தமனி (கரோட்டிட்) உணரிகள் பார்க்கிறது பகுதி அழுத்தத்தை, மொத்த ஆக்சிஜனை இல்ல. அதோட எடைக்கு ஒப்பிட்டா அதுக்குப் போற இரத்த ஓட்டம் ரொம்ப அதிகம். தனக்குத் தேவையானதைக் கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன்லயிருந்தே கிட்டத்தட்ட எடுத்துக்கும். அதனால இரத்தசோகையை அது பெருசாக் கண்டுக்கிறதில்ல. ஓய்வுல இந்த நோயாளி திணறாம இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உழைக்கும்போது கதை மாறும். தசைக்கு ஆக்சிஜன் பத்தாம லாக்டிக் அமிலம் சீக்கிரமே சேர ஆரம்பிக்கும். இரத்தத்துல அமிலம் கூடினா அதே உணரிகள் உடனே மூச்சை முடுக்கும். இதயம் ஏற்கனவே அதிக வெளியீட்டுல ஓடிட்டிருந்தா, அது தளர ஆரம்பிக்கும்போது நுரையீரல்ல நீர் கோர்த்துக்கும். அது வேற வகை மூச்சுத்திணறல், படுத்தா கூடும். ரெண்டையும் ஒண்ணாப் பார்க்காதீங்க, சிகிச்சை வேற வேற.

மாஸ்க் கேள்விக்கு வரேன். "98ஐ 100 ஆக்குறதுல என்ன இருக்கு"ன்னு பலரும் சொல்வாங்க. பாதிதான் சரி. ஹீமோகுளோபின்ல ஒட்டுறது கூடாதுதான். ஆனா கரையறது கூடும். முழு ஆக்சிஜன் கொடுத்து பகுதி அழுத்தம் 600க்குப் போச்சுன்னா கரைஞ்சது 1.8 மி.லி. உங்க நோயாளிக்கு 8.04 + 1.8 = 9.8. முன்னாடி 8.2. அதாவது 20% கூடுது. ஹீமோகுளோபின் 15 இருக்கிறவருக்கு இதே மருத்துவத்துல 20லயிருந்து 22தான், பத்து சதவீதம்கூட இல்ல. இரத்தம் குறையக் குறைய, கரைஞ்ச ஆக்சிஜனோட மதிப்பு ஏறும். இரத்தப்போக்கு நோயாளிக்கு இரத்தப்பை வர்ற வரைக்கும் ஆக்சிஜன் ஓட விடறதுக்கு அர்த்தம் இருக்குன்னு சொல்றது இதனாலதான்.

ஆனா சாதாரண மாஸ்க்ல 100% கிடைக்காது, சுத்தியும் அறைக்காத்து கலந்துடும். பாதிக்குப் பாதி ஆக்சிஜன் போகுதுன்னு வச்சுக்கிட்டா லாபம் 0.7 மி.லி. கிட்ட. ஒரு பை சிவப்பணு ஏத்தினா ஹீமோகுளோபின் தோராயமா 1 கிராம் கூடும், அது 1.3 மி.லி. மாஸ்க்கைக் கழட்டின உடனே அந்த 0.7 போயிடும், ஏத்தின சிவப்பணு வாரக்கணக்குல இருக்கும். அதனால நிலையா இருக்கிற நாள்பட்ட நோயாளிக்கு மாஸ்க் சிகிச்சை இல்ல, காரணத்தைக் கண்டுபிடிச்சு இரும்பு கொடுக்கிறதுதான் சிகிச்சை.

இரத்தம் ஏத்தறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட சோகையில மொத்த இரத்தக் கொள்ளளவு குறைஞ்சிருக்காது, பிளாஸ்மா அந்த இடத்தை நிரப்பியிருக்கும். இதயமும் ஏற்கனவே முழு வேகத்துல இருக்கு. அதுமேல ரெண்டு பையை வேகமா ஓட விட்டா நுரையீரல்ல நீர் கோர்த்துக்கும். ஒவ்வொரு பையா, ஒரு பையை 3லயிருந்து 4 மணி நேரத்துல, நடுவுல நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஏத்தணும். 4 மணிக்கு மேல தொங்கவும் விடக்கூடாது, கிருமி வளரும்.

இன்னொண்ணு: உதடு நீலமாகலையேன்னு நிம்மதி அடையாதீங்க. நீலம் தெரியணும்னா தந்துகி இரத்தத்துல ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 5 கிராம் கிட்ட இருக்கணும். மொத்தமே 6 கிராம் இருக்கிற ஆளுக்கு அஞ்சு கிராம் வெறுமையாகிற நிலை வந்தா, நீலத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே நிலைமை கைமீறிப் போயிருக்கும். அவர் வெளுப்பாத்தான் இருப்பார்.

---

நலம்விரும்பி:

எதற்கு இவ்வளவு சிக்கல்? தினமும் ஆழமாக மூச்சு இழுத்து விட்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் தானாகக் கூடும்.

---

தந்துகி:

கூடாது. மேலே போட்ட அதே கணக்கில் வைத்துப் பாருங்கள். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை 40இலிருந்து 25க்கு இறக்கினால், நுண்ணறையில் ஆக்சிஜன் 150 − 31 = 119 ஆகும். சாச்சுரேஷன் ஒரு சதவீதம் கூடினால் அதிகம். ஹீமோகுளோபின் 6 உள்ளவருக்கு இதனால் கிடைப்பது டெசிலிட்டருக்கு 0.1 மி.லி. மட்டுமே. பதிலுக்குக் கார்பன் டை ஆக்சைடு இறங்கியதால் மூளையின் தமனிகள் சுருங்கும், ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தலை கிறுகிறுப்பது அதனால்தான். மூச்சுப் பயிற்சியை வேறு காரணங்களுக்காகச் செய்யலாம், மறுக்கவில்லை. இதற்கு மருந்து அதுவல்ல.

---

ஆய்வகத்தான் பதில்:

"இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்" என்ற சொல்லைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இந்த இழையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரத்தம் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்வதைவிட இறக்கிவைப்பதுதான் பெரிய வித்தை. நுரையீரலில் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், அரை நிமிடம் கழித்துத் தசையில் விட்டுவிடவும் வேண்டும். ஒரே மூலக்கூறு இரண்டையும் செய்வது எப்படி? நான்கு ஹீம்களும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்கின்றன. முதல் ஆக்சிஜன் ஒட்டியதும் இரும்பு அணு ஹீமின் தளத்துக்குள் நகர்கிறது, அதோடு பிணைந்த சங்கிலி இழுபடுகிறது, மூலக்கூறு முழுவதும் இறுகிய வடிவத்திலிருந்து தளர்ந்த வடிவத்துக்குத் திரும்புகிறது. அடுத்தடுத்த ஆக்சிஜன்கள் மேலும் எளிதாக ஒட்டுகின்றன. இறங்கும்போதும் அப்படியே, ஒன்று போனால் மற்றவை தொடரும். இந்த வடிவங்களை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் வெளிக்கொண்டுவந்த மேக்ஸ் பெருட்ஸ், ஜான் கென்ட்ரூவுடன் சேர்ந்து 1962இல் வேதியியல் நோபல் பெற்றார்.

இதனால் சாச்சுரேஷன் வரைபடம் நேர்கோடாக இல்லாமல் ஆங்கில எஸ் எழுத்துப்போல் வளைகிறது. நான்கு புள்ளிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பணியில் நாளும் உதவும்:

100 மி.மீ. – 97.5%
60 மி.மீ. – 90%
40 மி.மீ. – 75%
27 மி.மீ. – 50%

100இலிருந்து 60 வரை அழுத்தம் நாற்பது குறைந்தும் சாச்சுரேஷன் எட்டுப் புள்ளிகூடக் குறையவில்லை. 60க்குக் கீழே சரிவு செங்குத்து. ஆக்சிமீட்டரில் 90ஐத் தொட்டதும் எல்லோரும் பரபரப்பாவது அதனால்தான்: 97இலிருந்து 90 வரை வந்ததுபோல் 90இலிருந்து 83 வரும்வரை நேரம் இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க, தசையிலுள்ள மையோகுளோபினுக்கு ஒரே ஹீம்தான். அது 2 அல்லது 3 மி.மீ.யிலேயே பாதி நிரம்பிவிடும். அப்படி ஒரு பொருளை இரத்தத்தில் ஓடவிட்டால் நுரையீரலில் வாங்கியதை எங்கேயும் கொடுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த வளைவு நிலையாக நிற்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மை, வெப்பம் மூன்றும் கூடினால் வலப்பக்கம் நகரும், அதாவது அதே அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுலபமாக விட்டுவிடும். உழைக்கும் தசையில் இந்த மூன்றும் ஒருங்கே இருக்கும். கார்பன் டை ஆக்சைடின் பங்கை 1904இல் காட்டியவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது.

நான்காவதுதான் உங்கள் நோயாளிக்கு முக்கியம்: சிவப்பணு குளுக்கோஸை உடைக்கும் வழியின் ஒரு கிளையில் உண்டாகும் 2,3-டி.பி.ஜி. இது ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் புகுந்து, அந்த வடிவத்தை நிலைநிறுத்துகிறது. நாள்பட்ட இரத்தசோகையில் இதன் அளவு கூடுகிறது. பாதி நிரம்பும் அழுத்தம் 27இலிருந்து சில மி.மீ. மேலே போகிறது. நுரையீரலில் வளைவின் தட்டைப் பகுதியில் இருப்பதால் ஏற்றுவதில் இழப்பு மிகக் குறைவு, திசுவில் கிடைக்கும் லாபம் அதிகம். தந்துகி சொன்ன 60% உருவலைத் திசுவின் அழுத்தம் படுபாதாளத்துக்குப் போகாமல் செய்ய முடிவது இதன் தயவால். ஆனால் இது உண்டாக மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். ஹீமோகுளோபின் 6க்கு மாதக்கணக்கில் மெல்ல இறங்கியவர் நடந்து வருவதும், ஒரே நாளில் இரத்தப்போக்கில் 6க்கு வந்தவர் படுத்தபடி வருவதும் ஓரளவு இந்த வேறுபாட்டால்தான்.

சேமித்த இரத்தத்தில் இந்தப் பொருள் இரண்டு வாரத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. ஏற்றிய சிவப்பணு முதலில் ஆக்சிஜனைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்திருக்கும். உடலுக்குள் வந்தபின் பாதியளவு ஒரு நாளுக்குள்ளும் மீதி இரண்டு மூன்று நாளிலும் மீண்டுவிடும். ஒரு பை, இரண்டு பைக்கு இது பெரிய விஷயமல்ல.

---

ஐசியூ_இரவுப்பணி:

ஆக்சிமீட்டரைப் பத்தி யாரும் சொல்லல. அது எங்க பொய் சொல்லும்னு தெரியாம 98ஐ நம்பக்கூடாது.

1974ல ஜப்பான் பொறியாளர் தகுவோ அயோயாகி முன்வச்ச உத்தி இது. 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு, ரெண்டு ஒளி. ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபின் சிவப்பை விட்டுடும், இல்லாதது சிவப்பை விழுங்கும். தோல், எலும்பு, சிரையெல்லாம் விழுங்குற பங்கு மாறாது. நாடித்துடிப்போட சேர்ந்து ஏறி இறங்குற பங்கை மட்டும் பிரிச்சு, ரெண்டு ஒளிக்குமான விகிதத்தை எடுத்து, நலமான தன்னார்வலர்கள்கிட்ட முன்னாடியே அளந்த அட்டவணையோட ஒப்பிடும். 70%க்குக் கீழ காட்டுற எண்ணுக்கு அதனாலதான் மதிப்பு இல்ல, அந்த அளவுக்கு யாரையும் இறக்கி அளந்து பார்க்க முடியாது. விரல் சில்லுனு இருந்தாலோ நாடி பலவீனமா இருந்தாலோ முதல்ல அலைவடிவத்தைப் பாருங்க, அப்புறம் எண்ணைப் பாருங்க. கருத்த தோல்ல உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், அதையும் மனசுல வைங்க.

பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. ஹீமோகுளோபினோட அது ஒட்டுற பலம் ஆக்சிஜனைப்போல 200 மடங்குக்கு மேல. ரெண்டு ஒளியை மட்டும் பார்க்கிற கருவிக்கு அது ஆக்சிஜன் ஒட்டின மாதிரியே தெரியும், ஜம்முனு 98 காட்டும். பகுதி அழுத்தமும் நார்மல், அதனால மூச்சுத்திணறல் பல நேரம் பெருசாத் தெரியாது. மேல கரோட்டிட் பத்திச் சொன்னதேதான். தலைவலி, குமட்டல், குழப்பம்னு வருவாங்க. பாதி ஹீமோகுளோபினை மோனாக்சைடு பிடிச்சவர் நிலைமை, பாதி ஹீமோகுளோபின் இல்லாத சோகைக்காரரைவிட மோசம். ஏன்னா மிச்சமிருக்கிற ஆக்சிஜனையும் இறக்கி வைக்க விடாது, வளைவு இடப்பக்கம் போயிடும். அறைக்காத்துல அது பாதியாகக் குறைய 4லயிருந்து 5 மணி நேரம், முழு ஆக்சிஜன்ல ஒண்ணு, ஒன்றரை மணி நேரம். இங்க மாஸ்க்தான் மருந்து, 98 காட்டுதேன்னு கழட்டிடாதீங்க.

மெத்ஹீமோகுளோபின் வேற வகை. இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைஞ்சு ஆக்சிஜனைப் பிடிக்கிற சக்தியை இழந்துடும். ரெண்டு ஒளியையும் ஏறக்குறைய சமமா விழுங்குறதால, அளவு கூடக்கூடக் கருவி 85%ல போய் நின்னுக்கும். எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் 85லயே நிக்குது, எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்துல இருக்குன்னா இதை நினைங்க. டாப்சோன், பென்சோகெய்ன், நைட்ரைட் எல்லாம் வழக்கமான காரணங்கள். மெத்திலீன் புளூ கிலோவுக்கு 1லயிருந்து 2 மி.கி., அஞ்சு நிமிஷத்துல மெதுவா சிரை வழியா. ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்குக் கொடுத்தா வேலை செய்யாது, சிவப்பணு உடையவும் செய்யும்.

ரெண்டுலயும் உறுதி செய்ய கோ-ஆக்சிமீட்டர் வேணும், அது பல ஒளிகளை வச்சு ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினையும் தனியா அளக்கிற கருவி. சாதாரண இரத்த வாயுக் கருவி பகுதி அழுத்தத்தையும் அமிலத்தன்மையையும் வச்சு சாச்சுரேஷனைக் *கணக்குப் போட்டு* அச்சடிக்கும், அளக்காது. அந்தத் தாள்ல 98 இருக்குங்கிறது எதுக்கும் ஆதாரம் ஆகாது.

---

செவிலியல்_இரண்டாமாண்டு:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. 60% உருவல், சிரை 40% என்றெல்லாம் சொன்னீர்கள். அந்தக் கலப்புச் சிரை இரத்தத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? கையில் சிரை குத்தி எடுத்தால் போதுமா?

---

ஆய்வகத்தான்:

போதாது. கைச் சிரையில் வருவது அந்தக் கையின் கணக்கு மட்டும். கட்டு இறுக்கியிருந்தால், கையை மூடித் திறந்திருந்தால், சூடாக இருந்தால் எல்லாம் மாறும். உடல் முழுவதின் கலவை சேர்வது நுரையீரல் தமனியில்தான். அங்கு வரை செல்லும் வடிகுழாயின் நுனித் துளையிலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் தந்துகியில் ஏற்கனவே ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பின்னோக்கி வந்து பொய்யாகக் கூட்டிக்காட்டும். இயல்பு 65 முதல் 75%. அது இல்லாத இடத்தில் மேற்பெருஞ்சிரையில் நுனி நிற்கும் மையச் சிரைக் குழாயிலிருந்து எடுத்து ஏறத்தாழ 70% என்று ஒப்பிடுவார்கள். இதயத்தசை ஓய்விலேயே 70% அளவு உருவிவிடுவதால், அதன் சிரை இரத்தம் வலது ஏட்ரியத்தில் (இதயத்தின் வலது மேலறை) வந்து கலந்ததும் எண் சற்று இறங்கும். தொடைச் சிரைக் குழாயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

எடுத்த சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் உடனே தள்ளிவிட்டு மூடுங்கள். அறைக்காற்றில் ஆக்சிஜன் 150க்கு மேல், கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட பூஜ்யம். மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், சிரை மாதிரியில் பிழை இன்னும் பெரிதாகத் தெரியும். பிளாஸ்டிக் சிரிஞ்சைப் பனிக்கட்டியில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே 30 நிமிடத்துக்குள் கருவிக்குக் கொண்டுபோங்கள். வெள்ளணு மிக அதிகமாக உள்ள நோயாளி என்றால் அந்த அரைமணியும் கிடையாது, அவை சிரிஞ்சுக்குள்ளேயே ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கும்.